பயத்தில் இருக்கும்போது கடவுளோடு இருப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

“ஒன்னும் ஆகாது, கர்த்தர் பார்த்துக்குவார்.” பயந்துபோய் இருக்கிற ஒருவரிடம் நம் ஆட்கள் முதலில் சொல்வது இதைத்தான். மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி வராண்டாவில் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறவரிடமும் சொல்கிறோம், பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி தூங்காத பிள்ளையிடமும் சொல்கிறோம். சொல்கிறவர் மனசு நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் பைபிளைத் திறந்து பார்த்தால் கடவுள் கொடுத்த வாக்கு இது இல்லை. “நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்” என்று ஏசாயா 41:10-ல் இருக்கிறது. ஒன்றும் நடக்காது என்று அங்கே இல்லை. கொஞ்சம் தள்ளி 43:2-ல், நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன் என்கிறார். தண்ணீரே வராது என்று சொல்லவில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன, ஊரும் கோயிலும் இடிந்துபோன ஜனங்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. அவர்களிடம் போய் “ஒன்னும் ஆகாது” என்று யார் சொல்ல முடியும்? எல்லாம்தான் ஆகிவிட்டதே.

இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. “பயம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று காத்திருந்தால் பயம் போகாது, வேலையும் நடக்காது. பயம் இருக்கும்போதே, கூட இருக்கிறவரோடு சேர்ந்து அன்றைய வேலையைப் பார்ப்பதுதான் வழி. பயம் அதன் பாட்டுக்குக் குறையும், சில நாள் குறையாது. கீழே வரிசையாகச் சொல்கிறேன், ஆனால் ஐந்தாவது படிதான் இன்றைக்கு அவசரம் என்றால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

1. எதற்குப் பயம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

“மனசே சரியில்லை, ஏதோ பயமா இருக்கு” என்பது இன்னும் எழுதப்படாத பயம். ஒரு நோட்டை எடுத்து, பெயர், தேதி, இடம் எல்லாம் வருகிற மாதிரி ஒரு வரி எழுதுங்கள். “வெள்ளிக்கிழமை வரப்போகிற பயாப்ஸி ரிசல்ட்டில் கேன்சர் என்று இருந்துவிடுமோ.” “இந்த வாரக் குழுக் கடனுக்குப் பணம் புரளாவிட்டால் தெருவே பார்க்க நிற்க வேண்டுமோ.” “மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது.” “கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் குழந்தை இல்லையே, யாராவது ஏதாவது செய்து வைத்துவிட்டார்களோ.” கடைசியாகச் சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கும், நாம்தான் கிறிஸ்தவர்களாயிற்றே, செய்வினைக்குப் பயப்படலாமா என்று. எழுதுங்கள். உசிலம்பட்டிப் பக்கம், திருமங்கலம் பக்கம் எல்லாம் பல தலைமுறையாகச் சபைக்குப் போகிற குடும்பங்களிலும் இந்தப் பயம் வீட்டுக்குள் இருக்கிறது, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் பாருங்கள். ஒரு பயம் என்று நினைத்தது மூன்றாக இருக்கும், இல்லை மூன்று என்று நினைத்தது எல்லாம் ஒரே பயத்தின் வேஷமாக இருக்கும்.

2. பயந்ததற்காக உங்களைத் திட்டாதீர்கள்

இந்தப் படியில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பயம் வந்ததும், “எனக்கு விசுவாசம் இல்லை, அதனால்தான் பயப்படுகிறேன், கர்த்தருக்குப் பிடிக்காது” என்று அடுத்த பயம் வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. “தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்” என்ற வசனத்தைக் கம்பு மாதிரி எடுத்து அடுத்தவர் தலையில் அடிக்கிற பழக்கமும் நம்மிடம் உண்டு.

கெத்செமனேயில் இயேசுவே “திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்” என்று மாற்கு 14:33 எழுதிவைத்திருக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை. மூன்று சீஷர்களைக் கூட்டிக்கொண்டு போய், என் ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கத்தில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார், கூட விழித்திருக்கச் சொன்னார். பாவம் இல்லாதவருக்கே திகில் வந்திருக்கிறது என்றால், திகில் வருவது பாவம் இல்லை. இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல ஒன்றும் இல்லை.

3. முதலில் உடம்பைக் கவனியுங்கள்

யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். 1 இராஜாக்கள் 19. கடவுள் அவருக்கு முதலில் அனுப்பியது பிரசங்கம் இல்லை. தழலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். தின்றார், குடித்தார், திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையும், அங்கே கடவுள் பேசிய அந்த மெல்லிய சத்தமும் எல்லாம் அப்புறம்தான்.

ஆகவே கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இன்றைக்கு எத்தனை டீ உள்ளே போயிருக்கிறது என்று பாருங்கள். வெறும் வயிற்றில் டீயாகக் குடித்துக்கொண்டிருந்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். பயத்தில் இருக்கிற நேரத்தில் உபவாசம் எடுக்க அவசரப்படாதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

படபடப்பு ஏறும்போது மூச்சைக் கவனியுங்கள். நாலு எண்ணும் வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பைத் தணிக்கிற நரம்பு வேலை செய்ய ஆரம்பிக்கும். இது யோகாவா, கிறிஸ்தவர்கள் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நாசியில் ஜீவசுவாசத்தை ஊதியவர் அவர்தானே, தாராளமாக விடுங்கள்.

4. ஒரே ஒரு வசனம்

பத்து வசனம் வேண்டாம். பயத்தில் மூளைக்குப் பத்து நிற்காது. என் சிபாரிசு சங்கீதம் 56:3: “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.” பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று தலைப்பே சொல்கிறது. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குள் இருக்கின்றன, பாருங்கள். உள்ளே இழுக்கிற மூச்சுக்கு “நான் பயப்படுகிற நாளில்”, வெளியே விடுகிற மூச்சுக்கு “உம்மை நம்புவேன்”. பஸ்ஸில் உட்கார்ந்து செய்யலாம், ஸ்கேன் சென்டரில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு செய்யலாம், உதடு அசைய வேண்டியதுகூட இல்லை.

வசனத்தைப் பற்றி இன்னும் சில விஷயம் சொல்லியாக வேண்டும். “பயப்படாதே” என்பது பைபிளில் நாளுக்கு ஒன்றாக 365 தடவை வருகிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எந்த வார்த்தை பைபிளில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியை எடுத்து எண்ணிப் பாருங்கள், அந்தக் கணக்கு வராது. ஒரு தடவை சொன்னாலும் சொன்னவர் சொன்னவர்தான், எண்ணிக்கை வைத்து என்ன செய்யப் போகிறோம்? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வரப்போகிற வருஷத்துக்கென்று எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் கஷ்டமான வசனம் வந்துவிட்டதே, இந்த வருஷம் ஏதோ நடக்கப்போகிறது என்று கலங்குகிறவர்களும் உண்டு. அட்டை அச்சடித்தவருக்கு உங்கள் வீட்டு விலாசம் தெரியாது, விடுங்கள். தலையணைக்கு அடியில் பைபிளை வைத்துக்கொண்டு படுப்பதும் அப்படித்தான். குழந்தைக்கு ஆறுதலாக இருந்தால் வைக்கட்டும், ஆனால் பெரியவர்கள் அதைத் தாயத்து ஆக்கிவிடக் கூடாது. தலையணைக்கு அடியில் இருந்தால் எப்படி வாசிப்பது?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. 91-ஆம் சங்கீதத்தை நாம் எல்லோரும் பயத்துக்கு வாசிக்கிறோம், வாசிக்க வேண்டியதுதான். ஆனால் மத்தேயு 4-ல் தேவாலயத்து உப்பரிகை மேல் நின்று அதே சங்கீதத்தை இயேசுவிடம் எடுத்துச் சொன்னது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? தூதர்கள் தாங்குவார்கள், தாழக் குதியும் என்றவன் பிசாசு. வசனத்தை வைத்து “ஒன்னும் ஆகாது” என்று முதலில் சொன்னவன் அவன்தான். இயேசு குதிக்கவில்லை.

5. காகிதத்தை விரியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. எருசலேமை அசீரிய ராஜா சனகெரிப் மிரட்டிக் கடிதம் அனுப்பினான். உன் தேவன் காப்பாற்றுவார் என்று ஏமாறாதே, மற்ற தேசங்களுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாதா என்கிற மாதிரி. எசேக்கியா ராஜா அதை வாங்கி வாசித்தார். அப்புறம் கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய், அந்தக் கடிதத்தை அப்படியே கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்துவிட்டு ஜெபித்தார். 2 இராஜாக்கள் 19:14.

கவனியுங்கள், வாசித்துவிட்டுத்தான் விரித்தார். நாம் என்ன செய்கிறோம்? பேங்க் நோட்டீஸைப் பிரிக்காமல் டிவி மேல் போட்டுவைக்கிறோம், லேப் ரிப்போர்ட்டைக் கவருக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஜெபிக்கிறோம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் கவிழ்த்து வைக்கிறோம். பிரிக்காத கவருக்குள் பயம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

குழுக் கடனையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்களின் தூக்கத்தைக் கெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். எல்லா அட்டையையும், பாஸ்புக்கையும் தரையில் வரிசையாக விரித்து வையுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு, “ஆண்டவரே, இது இன்ன கம்பெனி, வாரம் இவ்வளவு, இன்னும் இத்தனை வாரம் பாக்கி, இந்த வாரம் என் கையில் இவ்வளவுதான் இருக்கிறது” என்று சத்தமாகச் சொல்லுங்கள். அலங்காரமாக ஜெபிக்க வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும்போது மொத்தத் தொகை உங்களுக்கே முதல் தடவையாகத் தெரிந்திருக்கும். அது நெஞ்சை அடைக்கும். ஆனால் அந்தத் தொகைக்கு ஒரு எல்லை இருக்கிறது, பயத்துக்குத்தான் எல்லையே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எழுந்து அடுத்த வேலையைப் பாருங்கள். மைக்ரோபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிப்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது, மிரட்டவோ கேவலமாகப் பேசவோ கூடாது, உறவினரையும் கூட வேலை செய்கிறவரையும் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து கத்துகிறவரிடம் இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்வது விசுவாசக் குறைவு இல்லை. எசேக்கியாவும் ஜெபித்ததோடு நிற்கவில்லை. எதிரி வருகிறான் என்றதும் ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்து, இடிந்த மதிலைக் கட்டினார் என்று 2 நாளாகமம் 32 சொல்கிறது.

6. ஒன்றுமே தோன்றாவிட்டால்

“ஜெபித்தேன், ஆனால் அவர் பக்கத்தில் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை.” இதை நிறையப் பேர் மெதுவான குரலில் சொல்வார்கள். கண்ணீர் வந்தால், உடம்பு சிலிர்த்தால், பாட்டுச் சத்தம் ஏறினால்தான் கடவுள் வந்திருக்கிறார் என்று நாம் பழகிவிட்டோம். அண்ணனுக்குப் பயந்து ஓடிய யாக்கோபு, வழியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தார். விழித்தபோது சொன்னது இது: “மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்.” அவர் அறியாத நேரத்திலும் கர்த்தர் அங்கேதான் இருந்தார். ராத்திரி கரண்ட் போனால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவர் முகம் தெரியாது, ஆனால் ஆள் எங்கேயும் போய்விடவில்லை.

பயம் இல்லாத சாதாரண நாட்களில் இதைப் பழகிவைப்பது நல்லது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தின் சமையல்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸுக்கு அந்த வேலையே பிடிக்காது. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கடவுளிடம் சின்னச் சின்ன வார்த்தை பேசிக்கொண்டே வேலை செய்யப் பழகினார். தனியாக ஜெப நேரம், வேலை நேரம் என்ற பிரிவு அவருக்கு இல்லாமல் போனது. நீங்களும் வண்டியை எடுக்கும்போது ஒரு வார்த்தை, அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு வார்த்தை பேசலாம். வீட்டில் இடம் இல்லாதவர்கள், கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறவர்கள், போகிற வழியில் கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்திலோ உங்களுக்குப் பக்கத்துக் கோயிலிலோ கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். எதுவும் கேட்கக்கூட வேண்டாம்.

7. பயத்தோடேயே ஒரு எட்டு வையுங்கள்

பார்வோனிடம் போ என்றதும் மோசே கேட்டது, நான் எம்மாத்திரம்? கடவுள், நீ பெரிய ஆள், உன்னால் முடியும் என்றெல்லாம் சொல்லித் தேற்றவில்லை. “நான் உன்னோடே இருப்பேன்” என்றார், அவ்வளவுதான். மோசேயின் தயக்கம் அதற்குப் பிறகும் தீரவில்லை, வேறு யாரையாவது அனுப்பும் என்கிற வரைக்கும் போனது. கடைசியில் தயங்கினவர்தான் போனார்.

தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெருகும். மனநல மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆகவே பயப்படுகிற விஷயத்தைச் சின்னத் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு டூவீலர் ஓட்டப் பயமா? முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்துங்கள், போதும். அடுத்து தெருமுனை வரை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரத்தில் ஒத்தக்கடை ரோடு. மாட்டுத்தாவணி சிக்னல் கடைசியில்தான். ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன், “பயமாத்தான் இருக்கு, நீங்க கூட வாங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கடவுளிடம் இப்படிப் பேசலாமா என்றால், சங்கீதங்களில் இதைவிட உரிமையாகப் பேசியிருக்கிறார்கள்.

8. ராத்திரி

பகலில் அடங்கிக் கிடப்பது ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்காரும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், யாருக்கும் மெசேஜ் அனுப்பாதீர்கள், நோய் பெயரைப் போனில் தேடாதீர்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, “இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை” என்ற 121-ஆம் சங்கீத வரியைச் சொல்லிவிட்டுப் படுங்கள். அவர் விழித்திருக்கும்போது நீங்களும் எதற்கு? தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, இருட்டில் சும்மா படுத்திருப்பதும் ஓய்வுதான்.

9. ஒரு ஆளிடம் சொல்லுங்கள், ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள்

கடவுள் கூட இருப்பது பெரும்பாலும் ஒரு மனுஷர் மூலமாகத்தான் கைக்கு எட்டுகிறது. பாஸ்டரோ, ஃபாதரோ, சபையில் வாய் அடக்கமான ஒரு அக்காவோ இருக்கலாம். முழுச் சபைக்கும் ஜெபக் குறிப்பாகப் போக வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள் என்றால் சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அது தனிப் பயம். சொல்லும்போது என்ன வேண்டும் என்றும் சொல்லுங்கள்: “புத்தி சொல்ல வேண்டாம், வெள்ளிக்கிழமை கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

உங்கள் பயத்தைக் கேட்டதும் அதைப் பெரிதாக்குகிறவர்களிடம் இருந்து விலகிவிடுங்கள். உங்கள் வீட்டில் செய்வினைக் கட்டு இருக்கிறது, இன்னார்தான் செய்துவைத்திருக்கிறார், இந்த எண்ணெய் வாங்கு, இவ்வளவு காணிக்கை பொருத்தனை பண்ணு என்று ஆரம்பித்தால், அது எந்தப் பெயரில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். “பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்” என்று யோவான் எழுதியிருக்கிறார். பயத்தை ஊட்டி வளர்க்கிறவர் யாராக இருந்தாலும் அவர் செய்கிற வேலை வேறு.

10. பயந்தது நடந்தேவிட்டால்

இதைப் பேசாமல் தாண்டிப்போகிற வழிகாட்டியை நம்பாதீர்கள். ரிசல்ட் மோசமாக வரலாம். வேலை போகலாம். எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள், அதே மூச்சில், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்றும் ராஜாவிடம் சொன்னார்கள். தானியேல் 3. சூளையில் போட்ட பிறகு, அவர்களோடு இருந்த நாலாவது ஆளை ராஜா பார்த்தது சூளைக்கு வெளியே இல்லை, உள்ளே.

அவர்கள் வெளியே வந்தார்கள். எல்லாரும் வருவதில்லை. மதுரை மிஷனைச் சேர்ந்த போர்ச்சுக்கல் நாட்டுக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1686-ல் ராமநாதபுரம் பக்கத்து மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதை பட்டவர். ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டும், என்ன நடக்கும் என்று தெரிந்தே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவரை வெட்டினார்கள். இன்றைக்கும் ஓரியூருக்கு ஜனங்கள் பஸ் ஏறிப் போய் ஜெபிக்கிறார்கள். கடவுள் அவரைக் கைவிட்டார் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்

மேலே சொன்ன எதையும் செய்ய முடியாத அளவுக்குப் பயம் இருந்தால் காத்திருக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, திடீர் திடீரென்று மூச்சு முட்டிச் செத்துவிடுவோம் போல இருக்கிறது, வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் இது சிகிச்சை இருக்கிற பிரச்சினை. நெஞ்சுவலி முதல் தடவையாக வந்தால் அது பயம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஜெபித்துவிட்டுப் போடுங்கள். கொஞ்சம் தேறியதும் “கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார்” என்று பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடியும் மோசமாகி வருகிறவர்கள் ஏராளம். நிறுத்துவதா குறைப்பதா என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரே சொல்லட்டும்.